குளிர்ந்த காற்றால் நீராவியை "ஏந்த முடியாது" என்பது சரியான விளக்கமா? ஏ.சி. அறை யன்னலின் வெளிப்பக்கம் நனைவது பற்றி

கடற்பக்க வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக அமைந்த தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். இரவில் படுக்கையறை ஏ.சி.யை 20 பாகையில் விட்டுத் தூங்கினால், விடியும்போது யன்னல் கண்ணாடி நனைந்து, நீர் கோடு கோடாக வழிந்திருக்கிறது. நனைவது வெளிப்பக்கம். உட்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தால் அது உலர்ந்தே இருக்கிறது. வெளிப்பக்கத்திலும் கண்ணாடி முழுவதும் நனைவதில்லை, ஏ.சி.யின் காற்று உள்ளிருந்து நேராக மோதுகின்ற பகுதிக்கு மறுபுறத்தில், இரண்டு கை அகலத்துக்கு மட்டும் வெண்மையாக மங்கி, பிறகு துளிகளாகத் திரண்டு வழிகிறது.

மகள் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். அவளுடைய குறிப்பில், "காற்று குளிரும்போது நீராவியை ஏந்தும் அதன் ஆற்றல் குறைகிறது; ஆகவே மேலதிக நீராவி ஒடுங்கி நீராகிறது" என்று இருக்கிறது. அவள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். காற்று நீராவியை எதைக் கொண்டு ஏந்துகிறது? குளிர்ந்த காற்று அறைக்குள்ளேதானே இருக்கிறது, அப்படியானால் உட்பக்கம் அல்லவா முதலில் நனைய வேண்டும்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. விளக்கம் தெரிந்தவர்கள் எழுதினால் அவளுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

பௌதிக ஆசான் எழுதியது:

சகோதரி, உங்கள் மகள் கேட்ட முதலாவது கேள்வியில்தான் முழு விடயமும் இருக்கிறது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது கேள்வி தானாகவே அவிழ்ந்துவிடும்.

காற்று எதையும் ஏந்துவதில்லை. பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பதுபோலக் காற்று நீராவியைத் தன்னுள் வைத்திருக்கிறது என்றும், குளிர்ந்தால் அந்தப் பஞ்சு பிழியப்படுகிறது என்றும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பின் வழக்கமான ஈரக்காற்றில் நூறு மூலக்கூறுகளை எடுத்தால், ஏறத்தாழ மூன்று நீரின் மூலக்கூறுகளாக இருக்கும். எஞ்சியவை பெரும்பாலும் நைதரசனும் ஒட்சிசனுமே. இவை எல்லாம் சேர்ந்தும் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கையே அடைக்கின்றன. மீதி வெற்றிடம். நீரின் மூலக்கூறுகள் அந்த வெற்றிடத்தில் மற்றவற்றைப் போலவே தம் பாட்டில் பறந்து திரிகின்றன. அவற்றைத் தாங்குவதற்கு நைதரசனோ ஒட்சிசனோ தேவையில்லை. ஆங்கில விஞ்ஞானி ஜோன் டால்டன் 1801இல் மான்செஸ்டரில் வாசித்த கட்டுரைகளில் இதனை நிறுவினார். பாதரசத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் நீர் ஆவியானாலும், காற்று நிறைந்த கலத்தில் ஆவியானாலும், வெப்பநிலை ஒன்றாக இருந்தால் நீராவியின் நிரம்பல் அமுக்கமும் (அதற்கு மேல் ஆவி சேராத நிலையில் ஆவிக்கு இருக்கும் அமுக்கம்) ஒன்றாகவே இருக்கும். இன்றைய துல்லியமான அளவீடுகளில் காற்றின் செல்வாக்கு சிறிதளவு தென்படுகிறது. ஆனால் அது அரைச் சதவீதத்தை ஒட்டிய சிறு திருத்தம் மட்டுமே.

அப்படியானால் ஒடுங்கலைத் தீர்மானிப்பது எது? நீர்ப்பரப்பு எங்கிருந்தாலும், அது கடலாக இருந்தாலும் கண்ணாடியில் ஒட்டிய நுண்துளியாக இருந்தாலும், அங்கு இரண்டு நிகழ்வுகள் ஓயாது நடக்கின்றன. வேகம் மிகுந்த சில மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறுகளின் கவர்ச்சியை முறித்துக்கொண்டு வெளியேறுகின்றன. வெளியே திரிகின்றவற்றுள் சில வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன. வெளியேறுபவை கூடுதலாக இருந்தால் அதனை ஆவியாதல் என்கிறோம். வந்து சேருபவை கூடுதலாக இருந்தால் ஒடுங்கல் என்கிறோம். இரண்டும் சமப்பட்டால் ஆவி நிரம்பிய நிலை.

இப்போது வெப்பநிலையை 30 பாகையிலிருந்து 20 பாகைக்குக் குறைப்போம். தனிவெப்பநிலையில் இது 303இலிருந்து 293க்கு இறங்குவதுதான். மூலக்கூறுகளின் சராசரி வேகம் இரண்டு சதவீதம்கூடக் குறைவதில்லை. ஆகவே வந்து மோதுகின்றவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கும். வெளியேறுவதற்கு வேண்டிய சக்தியோ மிகப் பெரியது. அதனைப் பெற்றிருப்பவை கூட்டத்தின் மிகவும் வேகமான சிறுபான்மை மட்டுமே. வெப்பநிலை சிறிது இறங்கினாலும் அந்தச் சிறுபான்மை பெருமளவு மெலிந்துவிடும். இதனால்தான் நிரம்பிய நிலையில் ஒரு கனமீற்றரில் இருக்கக்கூடிய நீராவி 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராமாக இருக்க, 20 பாகையில் 17 கிராமாகவும் 10 பாகையில் 9 கிராம் அளவாகவும் வீழ்ச்சியடைகிறது. வருகை குறையாமல் வெளியேற்றம் மட்டும் பாதியளவாகச் சரிந்துவிடுவதால் நீர் சேரத் தொடங்குகிறது. குளிர்ச்சி ஒடுங்கலை உண்டாக்குவது இந்த வழியில்தான். எல்லை காற்றின் கொள்ளளவில் இல்லை; நீரிலிருந்து நீர் தப்பும் வீதத்தில் இருக்கிறது. அந்த வீதத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது.

இனி உங்கள் யன்னலுக்கு வருவோம். இரவில் வெளிக்காற்று 27 பாகையிலும் சாரீரப்பதன் (நிரம்பிய நிலைக்குரிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) 85 சதவீதத்திலும் இருந்தால் அதன் பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகை. அதாவது, 24 பாகைக்குக் கீழான எந்தப் பரப்பும் அந்தக் காற்றில் நனையும். அறைக்குள் 20 பாகையும் வெளியே 27 பாகையும் இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் வெப்பநிலை இரண்டுக்கும் இடையில், 24ஐ ஒட்டி நிற்கும். ஏ.சி. காற்று நேராக மோதும் பகுதி மட்டும் அதைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும். நீங்கள் கண்ட இரண்டு கை அகலமான பகுதி அதுதான். நனைந்த பகுதியின் விளிம்பு, கண்ணாடி பனிபடுநிலையைத் தொடுகின்ற கோடு. உட்பக்கம் ஏன் நனையவில்லை என்றால், அறைக்குள் இருக்கும் காற்று ஏ.சி.யின் குளிர்க் கொயிலைத் தாண்டி வரும்போதே தன் நீராவியில் பெரும்பகுதியை அங்கு இழந்துவிட்டது. அதன் பனிபடுநிலை இப்போது 12, 13 பாகை அளவுக்கு இறங்கிவிட்டது. 23 பாகைக் கண்ணாடி அந்தக் காற்றுக்குப் போதிய குளிர்ச்சியான பரப்பு அல்ல.

நடைமுறை நோக்கன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். "ஏந்தும் ஆற்றல்" என்பது ஒரு சுருக்க வழி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மூலக்கூறுகளின் வேகப் பரம்பலைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சூடான காற்றில் கூடுதலான நீராவி இருக்கலாம், குளிர்ந்த காற்றில் குறைவாகவே இருக்கலாம் என்ற அளவில் அந்த வாக்கியம் சரியான விடையைத்தானே தருகிறது? அட்டவணையில் உள்ள எண்களும் மாறப்போவதில்லை. வானிலை பற்றிப் பேசுவோர்கூட அன்றாடம் இப்படியே சொல்கிறார்கள். கணக்குச் சரியாக வரும்போது சொல்லைப் பற்றி இவ்வளவு கடுமை வேண்டுமா?

குளிரூட்டி வேலைக்காரன் எழுதியது:

நான் ஏ.சி. பொருத்துதல், திருத்துதல் வேலை செய்பவன். அக்காவின் யன்னலில் நடப்பது கொழும்பில் எங்களுக்கு மிகவும் பழகிய விடயம். பலர் அதனை ஏ.சி.யின் பழுது என்று எண்ணி எங்களை அழைப்பார்கள். யன்னலைவிடக் கூரைக்குள் நடப்பதுதான் பெரிய தொல்லை. குளிர்நீர்க் குழாயிலோ குளிர்காற்றுப் போகும் குழலிலோ இன்சுலேசன் ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தால் போதும். அந்தப் பிளவுக்குள் வெளிக்காற்று புகுந்து, குழாயின் வெறும் உலோகத்தில் நீராகி, இன்சுலேசனுக்கு உள்ளாகவே ஓடி, பத்தடி தள்ளி வேறோர் இடத்தில் கூரைத் தகட்டை மஞ்சளாக்கிச் சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே தேடினால் ஒன்றும் கிடைக்காது. தொடங்கிய இடத்தைப் பிடித்து, காற்றுப் புகாமல் ஒட்டி மூடினால்தான் நிற்கும். இன்சுலேசன் தடிப்பாக இருப்பதைப் போலவே காற்றுப் புகாமல் இருப்பதும் முக்கியம் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்கிறோம். அதற்கான காரணத்தை ஆசிரியர் ஐயா சொன்ன பிறகு இன்னும் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. வெளிக்காற்றைக் கூடுதலாக உள்ளே எடுக்கும் மண்டபங்களில் மின்சாரச் செலவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வருகிறது. நீர் வடிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பௌதிக ஆசான் எழுதியது:

தம்பி, நேரடித் தொடர்பு உண்டு. வெளியேறும்போது நீர் எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் சென்றதோ அதனை ஒடுங்கும்போது திருப்பித் தந்தாக வேண்டும். இந்த மறைவெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோயூல். 30 பாகையும் 75 சதவீதச் சாரீரப்பதனும் கொண்ட கொழும்பு வெளிக்காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கிறது. அதனை 12 பாகைக்குக் குளிர்த்தினால் ஏறக்குறைய 12 கிராம் நீராக வடியும். காற்றின் வெப்பநிலையை 18 பாகை இறக்குவதற்கு 22 கிலோயூல் அளவு வெப்பத்தை அகற்றினால் போதும். அந்த 12 கிராம் ஆவியை நீராக்குவதற்கோ 29 கிலோயூல் அளவு அகற்ற வேண்டும். அந்த மண்டபங்களில் பொறியின் உழைப்பில் பாதிக்கு மேல் குழாயில் வடிந்து போகும் நீருக்காகவே செலவாகிறது.

நடைமுறை நோக்கன் அவர்களின் ஆட்சேபம் நியாயமான ஆட்சேபம். ஆகவே அதற்கு முழுமையாகப் பதில் எழுத விரும்புகிறேன். தவறான படம் சரியான எண்ணைத் தருகின்ற வரையில் பிள்ளைக்குத் தீங்கில்லை என்கிறீர்கள். அது தவறான எண்ணைத் தருகின்ற இடங்களும் உண்டு என்பதுதான் என் கவலை.

காற்றுத்தான் நீராவியை ஏந்துகிறது என்று நம்பும் மாணவர், நுவரெலியாவில் காற்று ஐதாக இருப்பதால் அங்கு ஒரு கனமீற்றரில் ஏந்தக்கூடிய நீராவியும் குறைவு என்று முடிவு செய்வார். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமுக்கம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கும் இங்கும் ஒரே வெப்பநிலை இருந்தால், நிரம்பிய நிலையில் ஒரு கனமீற்றரில் உள்ள நீராவி ஒரே அளவுதான். நுவரெலியாவில் மூடுபனி அடிக்கடி இறங்குவதற்குக் காரணம் குளிர். காற்றின் ஐது அல்ல.

இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. கொள்ளளவு என்று ஒன்று இருந்தால் அது நிரம்பிய கணமே ஆவி வெளியே கொட்ட வேண்டும். உண்மையில் அவ்வாறு நடப்பதில்லை. தூசியே இல்லாத காற்றைக் குளிர்த்தினால், நிரம்பிய நிலையைக் கடந்து பல மடங்கு ஆவி செறிந்த பின்பும் ஒரு துளிகூடத் தோன்றாமல் இருக்கும். நீர் தப்பும் வீதத்தைக் கொண்டு சிந்தித்தால் இது விளங்கும். மிகச் சிறிய துளியின் பரப்பு மிகவும் வளைந்தது. அங்குள்ள மூலக்கூறைப் பிடித்துவைக்கப் பக்கத்தில் இருப்பவை குறைவு. ஆகவே தட்டையான நீர்ப்பரப்பைவிட அங்கிருந்து தப்புவது எளிது. சில மூலக்கூறுகள் தற்செயலாகக் கூடினாலும் அடுத்த கணம் கலைந்துவிடும். துளி நிலைக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஒரு பரப்புத் தேவை. சகோதரியின் வீட்டில் கண்ணாடி அந்தப் பரப்பு. வானத்தில் அதே வேலையைத் தூசி, புகை, கடலுப்புத் துகள்கள் செய்கின்றன. கடலோர நகரமான கொழும்பின் காற்றில் உப்புத் துகளுக்குப் பஞ்சமில்லை. உப்புக் கரைந்த நீரிலிருந்து தப்பும் வீதம் மேலும் குறைவு என்பதால், காற்று முழுமையாக நிரம்புவதற்கு முன்பே அத்துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கத் தொடங்கிவிடும். மாலையில் காலிமுகத்திடலிலிருந்து பார்க்கும்போது தொடுவானம் வெண்மையாக மங்கித் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சி.ரி.ஆர். வில்சன் 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் முகில்களைப் பார்த்து வியந்து, அவற்றை ஆய்வுகூடத்தில் உண்டாக்க முயன்றார். தூசி அகற்றிய ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்து குளிர்த்தியபோது, ஆவி நிரம்பல் அளவைப்போல நான்கு மடங்கு ஆனபோதுதான் மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளான அயன்களைச் சுற்றித் துளிகள் பிறந்தன. அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் முகிற்கூடம். கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளின் பாதையை நீர்த்துளிகளால் வரைந்து காட்டிய அக்கருவிக்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றுக்குக் கொள்ளளவு உண்டு என்று கற்ற பிள்ளையால் இந்தப் பரிசோதனையை விளங்கிக்கொள்ளவே முடியாது. பதினைந்து வயதில் வேகப் பரம்பலின் சமன்பாடு வேண்டாம். "குளிர்ந்தால் நீரிலிருந்து தப்புபவை குறைகின்றன, வந்து சேருபவை குறைவதில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். இது பழைய வாக்கியத்தைவிட நீளமானதுமல்ல.

நடைமுறை நோக்கன் எழுதியது:

வில்சனின் பரிசோதனை பற்றிய பகுதி வலுவானது என்பதை ஏற்கிறேன். இருந்தாலும், மேகத்துக்குள் நான்கு மடங்கெல்லாம் தேவைப்படுவதில்லை என்றுதான் வாசித்திருக்கிறேன். துகள்கள் எங்கும் நிறைந்திருப்பதால் நிரம்பல் அளவைவிட ஒரு சதவீதம்கூட மிகாமலே துளிகள் உருவாகின்றன. அப்படியானால் அன்றாட வானிலைக்குப் பழைய விதி போதும் என்றே இன்னமும் எண்ணுகிறேன்; அடிப்படைக் காரணத்தைக் கேட்டால் மட்டும் ஐயாவின் விளக்கத்தைச் சொல்லலாம்.

மட்டுநகரான் எழுதியது:

வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன், ஊர் மட்டக்களப்பு. இங்கு வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும்போது, ஊரில் அதே காற்று கச்சானாக மாறி வீசும். உடல் எரியும், கொடியில் போட்ட துணி மடித்து எடுப்பதற்குள் காய்ந்துவிடும், முற்றத்து மண் பொரிந்து போகும். ஒரே காற்று மலைக்கு இந்தப் பக்கம் ஈரமாகவும் அந்தப் பக்கம் நெருப்பாகவும் இருப்பது எப்படி? இதிலும் ஒடுங்கலுக்குத் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காற்று மலையேறும்போது மேலே இருக்கும் குளிரால் குளிர்கிறதா?

வானிலை ஆர்வலர் எழுதியது:

மேலே உள்ள குளிர் அதனைத் தொட்டுக் குளிர்த்துவதில்லை. உயரே போகப்போக அமுக்கம் குறைவதால் ஏறும் காற்று விரிகிறது. விரிவதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுகிறது. வெளியிலிருந்து வெப்பம் எடுக்கப்படாமலே கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 9.8 பாகை வீதம் குளிர்கிறது. ஏறும் காற்றின் பனிபடுநிலையும் கிலோமீற்றருக்கு 2 பாகை அளவு இறங்கும். ஆகவே நிலமட்டத்தில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் இடையிலான வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் முகிலின் அடி எத்தனை மீற்றரில் இருக்கும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். கொழும்பில் நண்பகலில் 30 பாகையும் பனிபடுநிலை 25ஆகவும் இருந்தால், முகிலடி 625 மீற்றர். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழைக்கு முன்னர் திரளும் முகில்களின் அடிப்பக்கம், கத்தியால் வெட்டிவிட்டது என்னும்படி ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்த உயரத்துக்கு மேல் ஒடுங்கல், கீழே இல்லை.

கச்சானுக்கு வருவோம். ஒடுங்கல் தொடங்கியதும் மறைவெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கனமீற்றர் காற்றில் ஒரு கிராம் ஆவி நீரானால் அக்காற்று ஏறத்தாழ 2 பாகை சூடேறும். இதனால் முகிலுக்குள் ஏறும் காற்று கிலோமீற்றருக்கு 4, 5 பாகை மட்டுமே குளிர்கிறது. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பாருங்கள். 30 பாகையில் கடலிலிருந்து புறப்படும் காற்று 600 மீற்றர் வரை விரைவாகக் குளிர்ந்து 24 பாகையை அடைகிறது. அங்கிருந்து 2,000 மீற்றர் முகடு வரை மெதுவாகக் குளிர்ந்து 18 பாகைக்கு வருகிறது. வழியில் நீரெல்லாம் மேற்குச் சரிவில் மழையாகிவிட்டது என்று கொள்வோம். மறுபுறம் இறங்கும்போது ஆவியாவதற்குத் துளிகள் இல்லை. ஆகவே முழு 2,000 மீற்றரும் கிலோமீற்றருக்கு 9.8 பாகை வீதம் சூடேறி, சமவெளியை அடையும்போது 37 பாகையை எட்டிவிடும். மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் ஒடுங்கிய ஆவியின் வெப்பம்தான் மட்டக்களப்பு முற்றத்தில் எரிகிறது. உண்மையில் எல்லாக் காற்றும் முகட்டைக் கடப்பதில்லை, எல்லா நீரும் மழையாவதுமில்லை. ஆனால் காற்றின் போக்கு இதுவே.

கடற்பக்க வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் எல்லாவற்றையும் வாசித்தாள். கண்ணாடியில் நனைந்த பகுதியின் விளிம்பு ஒரு வெப்பநிலைக் கோடு என்பதுதான் அவளை மிகவும் கவர்ந்தது. காலையில் அதன் மேல் நாடா ஒட்டி, ஏ.சி.யை 22க்கும் 24க்கும் மாற்றினால் கோடு எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கப் போகிறாளாம். பரீட்சையில் எதை எழுதுவது என்றும் கேட்கிறாள். அத்துடன், யன்னலின் மரச்சட்டம் கீழ்ப்பக்கத்தில் கறுத்து உப்பத் தொடங்கியிருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

பௌதிக ஆசான் எழுதியது:

மகளுக்கு: "காற்றின் வெப்பநிலை பனிபடுநிலைக்குக் கீழே இறங்கும்போது நீராவி நிரம்பல் நிலையை மிஞ்சுவதால், பரப்பொன்றின் மீதோ துகள்களின் மீதோ நீராக ஒடுங்குகிறது" என்று எழுதினால் எந்தப் புள்ளியும் குறையாது. அதில் பொய்யும் இல்லை. நாடா ஒட்டும் யோசனை மிக நல்லது. வெளியே ஒரு வெப்பமானியும் வைத்து, வெளிக்காற்றின் ஈரப்பதனையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் கோடு விரியும். வடகீழ்ப் பருவக்காற்றின் காய்ந்த தை மாத இரவில் கோடே தோன்றாமல் இருக்கலாம்.

குளிரூட்டி வேலைக்காரன் எழுதியது:

அக்கா, முதலில் ஏ.சி.யின் காற்றுத் தகடுகளைத் திருப்பி, காற்று கண்ணாடியில் படாமல் அறையின் நடுவுக்குப் போகும்படி செய்யுங்கள். 25 அல்லது 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்கு 22இல் இருப்பது போன்ற சுகம் கிடைக்கும். கண்ணாடியும் பெரும்பாலும் நனையாது. கறுத்த சட்டத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே வர்ணம் பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் உள்ளே உக்கும். இன்னொன்றையும் பாருங்கள். படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் ஏ.சி. இல்லாத அறையாக இருந்தால், அங்கு சுவரோடு ஒட்டி அலுமாரி நிற்கிறதா? அலுமாரிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் சுவர் குளிர்ந்தே கிடக்கும். பூஞ்சணம் அங்குதான் முதலில் பிடிக்கும். நான்கு விரல் தள்ளி வையுங்கள்.